ஜன்னலோரக் கட்டில்காரரின் கண்கள்

இந்தக் கிழவிக்கு வேறு வேலையே இல்லையா என்று இளம் டாக்டர்கள் நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு தடவை வந்து உங்களோடு வார்டில் நடக்கிறேன், நடக்கும்போதே அதட்டுகிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நோயாளியைப் பற்றிப் பேசினால் சட்டைக் காலரைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போகிறேன். போன மாதம் ஒரு பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் சொல்லாமல் வைவது சரியில்லை என்று வீட்டுக்குப் போன பிறகு தோன்றியது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இதில் நான் கெட்டிக்காரியாக வர மாட்டேன். அதனால்தான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் பொது மருத்துவராக இருந்தேன். மொத்தம் பதினாறு கட்டில். மூளையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் நோயாளியை மதுரைக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பயணத்தைத் தாங்க மாட்டார் என்று தோன்றினால் டார்ச் லைட், முட்டியைத் தட்டும் சுத்தியல், நம் பத்து விரல், அவ்வளவுதான் மருத்துவம். டாக்டரம்மா கையை வைத்தால் சரியாகச் சொல்லிவிடும் என்று சுற்றுப்பட்டில் எனக்குப் பெயர் இருந்தது. பெயர் வந்தால் கூடவே மண்டைக்கனமும் வரும். எனக்கு அது நன்றாகவே வந்திருந்தது.

பெருமாள்சாமி கன்னிவாடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் மல்லிகை போட்டிருந்தவர். வயது நாற்பத்திரண்டு. காலையில் பூ எடுத்துக்கொண்டிருந்தவர் தலை சுற்றுகிறது என்று வரப்பில் உட்கார்ந்திருக்கிறார், அப்படியே சாய்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்தபோது நினைவே இல்லை. மூச்சு மட்டும் சீராக இருந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தோம். மூளைத்தண்டில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்று அன்றைக்கே சொன்னேன். அது சரிதான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

ஐந்தாம் நாள் காலை அவர் மனைவி காமாட்சி என் அறைக்கு ஓடி வந்தாள். "கண்ணத் தொறந்துட்டாரு டாக்டரம்மா, வந்து பாருங்க" என்றாள். போனேன். கண் திறந்துதான் இருந்தது. கையைத் தூக்குங்கள் என்றேன், அசைவில்லை. நாக்கை நீட்டச் சொன்னேன், உதடுகூடத் துடிக்கவில்லை. நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்து அழுத்தினேன், முகம் சுளிக்கவில்லை. விரலை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்து இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று நாலைந்து தடவை கொண்டு போனேன். இரண்டு கண்ணும் நட்ட நடுவில் அப்படியே நின்றன. இமை கொட்டினார். இமை யாருக்குத்தான் கொட்டாது? விழித்திருக்கிறார், ஆனால் உள்ளே அறிவு இல்லை என்று முடிவுக்கு வந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

காமாட்சி முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தபடி, "கண்ணுல தண்ணி வருதே டாக்டரம்மா" என்றாள்.

"கண்ண மூடாம இருந்தா தண்ணி வரத்தாம்மா செய்யும்" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக என் நாக்கை நானே பிடுங்கிக்கொள்ளலாம்.

மூளைத்தண்டைப் பற்றி ஒப்பிக்கச் சொன்னால் எனக்குத் தூக்கத்திலும் வரும். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு தண்டு. மேலே நடுமூளை, நடுவில் பான்ஸ், கீழே முகுளம். கண்ணை உருட்ட, முகம் சுளிக்க, மெல்ல, விழுங்க, நாக்கை நீட்ட என்று ஒவ்வொரு நரம்பையும் ஏவுகிற அணுக்கொத்து ஒன்று அங்கே உண்டு, கரு என்போம். மதுரையில் எங்களுக்கு உடற்கூறியல் எடுத்த பேராசிரியர் ஒருவர் இதை மாடி வீடு என்பார். "எந்தக் கரு எந்த மாடியில குடியிருக்குன்னு ஒப்பிச்சு மார்க் வாங்கிருவ. நடு மாடி இடிஞ்சு விழுந்தா மேல் மாடிக்காரன் என்ன செய்வான்? அதச் சொல்லு" என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம். மார்க் வாங்கினோம், டாக்டரானோம். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் யோசித்ததே இல்லை.

அதன் பிறகு ஐந்து நாள் அந்தக் கட்டிலைச் சுற்றி என்னவெல்லாமோ பேசினோம். அவருடைய அண்ணன் தினமும் வருவார், நல்ல மனிதர், தம்பி மேல் உயிர். கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் என்னிடம் கேட்டார்: "பொழப்பானா மாட்டானா, ஒரே வார்த்தைல சொல்லிருங்க டாக்டரம்மா."

"ஒடம்பு மட்டும்தாங்க இருக்கு. ஆள் எப்பவோ போயாச்சு" என்றேன்.

அப்புறம் அவர்கள் பேசிக்கொண்டார்கள். எந்தெந்த ஊருக்குச் சொல்லி அனுப்புவது, தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுக்க வைப்பது, தோட்டத்தை யார் பார்ப்பது, காமாட்சி இங்கே இருப்பாளா அவள் அண்ணன் வீட்டுக்குப் போவாளா. எல்லாம் அந்தக் கட்டிலுக்கு மேலேதான்.

வார்டில் கூட்டிப் பெருக்க ஆரோக்கியம் என்று ஓர் ஆயாம்மா இருந்தாள். பேச்சுக்காரி, வேலையில் சுத்தம். அவள் மட்டும் ஜன்னலோரக் கட்டிலுக்குக் கீழே துடைக்காமல் விட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அந்தாளு என்னையவே பாக்குறாரும்மா. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது."

"ஒன்னயப் பாக்காம வேற யாரப் பாப்பாரு? இந்த ஆஸ்பத்திரிலயே அழகி நீதான்" என்றேன். நர்ஸுகள் சிரித்தார்கள். ஆரோக்கியம் சிரிக்கவில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதோடு என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு, வீட்டிலேயே முடியட்டும் என்று குழாயை எடுத்துவிட்டு அனுப்பினோம். வேனில் ஏற்றும்போது காமாட்சி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாசல்வரை வந்து நின்றேன். செய்ய வேண்டியதைச் செய்தோம் என்ற நிம்மதிதான் இருந்தது.

மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. வார்டில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. நான் அறையில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஆரோக்கியம் கதவருகே நின்று, "அந்தாளு போனதுந்தாம்மா எனக்கு மூச்சே வந்துச்சு" என்றாள்.

"இன்னும் அதே பேச்சா?"

"நீங்க சிரிப்பீங்கன்னுதான் சொல்லல. முந்தா நாளு ஒட்டட அடிக்க ஸ்டூல் போட்டு அவரு கால்மாட்டுல ஏறுனேன். நான் ஏற ஏற அந்தக் கண்ணும் ஏறுச்சும்மா. எறங்கிக் குத்தவச்சுத் தரையத் தொடச்சேன், கண்ணும் எறங்குச்சு. பிரமையோன்னு மூணு வாட்டி ஏறி எறங்கிப் பாத்தேன். மூணு வாட்டியும் கூடவே வந்துச்சு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் குறுக்க போனா மட்டும் ஒண்ணுமில்ல, பொணம் கணக்கா நிக்கிது. ஏறுனாத்தான், எறங்குனாத்தான். பேயிக்கு அப்பிடித்தாம் பாக்கத் தெரியுமோ என்னமோ."

பிசைந்த கை அப்படியே நின்றது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும் கரு பான்ஸில் இருக்கிறது. மேலும் கீழும் உருட்டும் கருவும், இமையைத் தூக்கும் கருவும் அதற்கு மேலே நடுமூளையில் இருக்கின்றன. நடு மாடி இடிந்திருக்கிறது. கைகாலுக்கும் முகத்துக்கும் நாக்குக்கும் போகிற கட்டளைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும், அதனால் ஒன்றும் இறங்கவில்லை. மேல் மாடிக்காரர் முழு நினைவோடு உட்கார்ந்திருக்கிறார். காது கேட்கிறது, வலிக்கிறது, புரிகிறது. அவரிடம் மிச்சம் இருப்பது மேலும் கீழும் போகிற கண்கள் மட்டும். நான் விரலைக் குறுக்கே ஆட்டினேன். ஒரே ஒரு தடவை மேலே தூக்கியிருந்தால் போதும். ஐந்து நாளும் அவர் நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குக் கொண்டு போயாச்சு என்றால் பால் ஊற்றுவார்கள். உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறவருக்குச் சொந்தபந்தம் எல்லாம் ஆளுக்கு ஒரு வாய் பால் விடுவது நம் பக்கத்து வழக்கம், ஆசையோடு செய்வது. விழுங்கத் தெரியாத தொண்டையில் விட்டால் அது நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

கையைக் கழுவினேனா என்று நினைவில்லை. ஆஸ்பத்திரி வேனில் சளி உறிஞ்சுகிற மிதி பம்ப்பை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். டிரைவர் வழக்கமாகப் பாட்டுப் போடுவான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்குப் போடவில்லை. வழி நெடுக தென்னந்தோப்பு, முருங்கைக் காடு, வெயில். எனக்கு இரண்டு பயம். போவதற்குள் முடிந்திருந்தால்? அதைவிட வெட்கக்கேடான பயம் இன்னொன்று. ஒருவேளை ஆரோக்கியம் சொன்னது பிரமை என்று ஆகி, ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் நான் பைத்தியக்காரி மாதிரி நின்றால்? ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது என் பெயரைப் பற்றியும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

வாசலில் செருப்பாகக் கிடந்தது. உள்ளே கூடத்தில் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து குனிந்து ஒரு கரண்டி விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவருடைய நெஞ்சு கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. பால் விட விட நெஞ்சு கரகரக்கிறது. கரகரப்பதைப் பார்த்து, கடைசி இழுப்பு வந்துவிட்டது என்று அடுத்த ஆள் அவசரமாக வந்து பால் விடுகிறார். அவர் கண்கள் உத்தரத்தில் நிலைகுத்தியிருந்தன. கடைவாயில் வெள்ளையாக நுரை வழிந்தது.

அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "வாங்க டாக்டரம்மா. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. நீங்களும் ஒரு வாய் விட்ருங்க" என்று கரண்டியை என் கையில் கொடுத்தார்.

அந்தக் கரண்டியின் சூடு இன்னும் என் விரலில் இருக்கிறது.

கீழே போட்டேன். அவரை ஒருக்களித்துப் புரட்டி, வாய்க்குள் விரலை விட்டு வழித்தேன். டிரைவர் பம்ப்பை மிதிக்க, குழாயை விட்டு உறிஞ்சினேன். பாலும் சளியுமாக வந்தது. கரகரப்பு கொஞ்சம் அடங்கியதும் அவருடைய முகத்துக்கு நேரே மண்டியிட்டேன். கேட்டேன்.

"அண்ணே, நான் பேசறது ஒங்களுக்குக் கேக்குதுன்னா, மேல பாருங்க."

கண்கள் என் முகத்தில் இருந்தன. பிறகு மெதுவாக, பாரம் தூக்குகிறவர் மாதிரி, மேலே போயின. போய் அங்கேயே நின்றன. "கீழ பாருங்க" என்றேன். இறங்கின.

பின்னால் யாரோ கரண்டியைப் போட்ட சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். நான் எதிர்பார்த்தது அழுகையும் சந்தோஷமும். வந்தது வேறு. அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, "இது அவன் இல்ல டாக்டரம்மா" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"நீங்கதான சொன்னீங்க, ஆள் எப்பவோ போயாச்சுன்னு. அவன் போன எடத்துல வேற என்னமோ வந்து உக்காந்துக்கிட்டுப் பாக்குது. அம்புட்டுப் பேரும் பாத்துட்டோமே. செத்த நேரம் சும்மா இருங்க, பூசாரியக் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

கிண்டலாகச் சொல்லவில்லை. பயந்து போய்ச் சொன்னார். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது, மறைக்க மாட்டேன். அசையாத முகத்தில், அசையாத உடம்பில், அந்த இரண்டு கண்கள் மட்டும் ஒவ்வொருத்தர் நிற்கும்போதும் உட்காரும்போதும் ஏறி இறங்குவதைப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள். ஆனால் பேயை அந்த உடம்புக்குள் ஏற்றி வைத்தது நான்தான். பட்டம் வாங்கிய வாயால், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஏற்றினேன். பூசாரி வந்தால் இறங்காது, நான்தான் இறக்க வேண்டும்.

"நான் சொன்னது தப்பு" என்றேன். யாருக்கும் காதில் விழவில்லை. எழுந்து நின்று, வாசலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். "நான் சரியாப் பாக்கல. அவரு எங்கயும் போகல. கண்ணத் தொறந்த நாள்லருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. தப்பு என்னோடது."

எவரும் நம்பவில்லை. நேற்று ஒன்று சொன்னவள் இன்று வேறு சொன்னால் எதை நம்புவது? காமாட்சி அதுவரை தலைமாட்டில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து வந்தாள். "செத்த தள்ளுங்க எல்லாரும்" என்றாள். "எனக்கும் அவருக்கும் மட்டுந் தெரிஞ்சத நான் கேக்குறேன்."

"ஆமான்னா மேல பாருங்க, இல்லன்னா கீழ பாருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, குனிந்து அவர் காதுக்குள் என்னவோ சொன்னாள். கண்கள் மேலே போயின. இன்னொன்று சொன்னாள். கண்கள் கீழே இறங்கின. மூன்றாவதாக ஒன்று சொன்னாள். கண்கள் மேலே போய், நிறைந்து, இரண்டு பக்கமும் வழிந்தன. அவள் முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இவருதான் எம் புருஷன்" என்றாள். "வண்டில ஏத்துங்க."

என்ன கேட்டாள் என்று யாருக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை.

அதற்கப்புறம் அவர் பதினான்கு மாதம் இருந்தார். நுரையீரல் தேறவே மூன்று வாரம் ஆனது. ஒரு விரல்கூட அசையவில்லை. ஆனால் மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை. காமாட்சி அதை வைத்துக்கொண்டு தண்ணீர் பாய்ச்சுவது முதல் சண்டை போடுவதுவரை எல்லாம் அவரோடு செய்தாள். ஒரு நாள் அவரிடம் தனியாகக் கேட்டேன்: "கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா?" மேலே பார்த்தார். "என் மேல கோவமா?" அவர் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நானும் எழுந்து வந்துவிட்டேன். மன்னிப்பை வற்புறுத்தி வாங்க முடியாது.

விரலைக் குறுக்கே ஆட்டினால் மட்டும் போதாது, மேலேயும் கீழேயும் ஆட்டுங்கள் என்று நான் கத்துவது இதனால்தான். ஆயாம்மா ஏதாவது சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள் என்பதும் இதனால்தான். இத்தோடு முடித்துவிட்டால் நீங்களும் நல்ல பாடம் என்று எழுந்து டீ குடிக்கப் போய்விடுவீர்கள். இன்னும் கொஞ்சம் உட்காருங்கள்.

பெருமாள்சாமியை ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டு வந்த அந்த வாரம் பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இவருக்கு முன்னால் இப்படி எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன் என்ற கேள்வி உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. கண் மூடியே போனவர்களைக் கழித்தேன். கண் திறந்தபடி, முகம் அசையாமல் போனவர் ஒரே ஒருத்தர் நினைவுக்கு வந்தார். எரியோடு என்ற ஊருக்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தையல்காரம்மா. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால். அவருக்கும் நான் விரலைக் குறுக்கேதான் ஆட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அந்த வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு. மகள் இருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும். என்னை அடையாளம் கண்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்று சொல்லிவிட்டு, அம்மா கடைசியில் கஷ்டப்படாமல் போனார்களா என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்து ஆறு நாளு இருந்துச்சு டாக்டரம்மா. ஒரு சத்தமும் இல்ல. ஈரத் துணிய மட்டும் ஒதட்டுல வச்சு எடுப்போம்."

"கண்ணு தொறந்திருந்துச்சா?"

"தொறந்துதான் இருந்துச்சு. எங்களப் பாக்கும், அப்பறம் கூரையப் பாக்கும். திரும்ப எங்களப் பாக்கும், கூரையப் பாக்கும். ஓயாம அதே வேலதான். அந்தா, அந்த எடத்துல ஒரு ஓடு ஒடஞ்சு வெயில் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. அம்மாவுக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கணும், அதான் அத மாத்தச் சொல்லுதுன்னு நெனச்சோம். அண்ணன் அந்த வெயில்லயே ஏறி மாத்துச்சு." கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாத்துன பெறகும் பாத்துச்சு."

நான் கலர் பாட்டிலைத் தரையில் வைத்தேன்.

"ஏன் டாக்டரம்மா, அம்மாவுக்கு எதுவும் வேண்டியிருந்துச்சோ? எனக்கு அப்பப்ப அந்த நெனப்பு வரும்."

கன்னிவாடிக்காரரின் வீட்டில் ஊர்க்கூட்டத்துக்கு முன்னால் உண்மையைச் சொன்னவள் நான். சொன்னதால் ஓர் உயிர் திரும்பி வந்தது. இங்கே சொன்னால் என்ன திரும்பி வரும்? அந்தப் பெண் மிச்ச வாழ்நாள் முழுக்க அந்தக் கூரைக்குக் கீழேதான் படுக்க வேண்டும். நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் படித்தவர்கள், நீங்களே யோசியுங்கள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "அது சும்மா நரம்பு இழுக்கறது. ஒங்கம்மாவுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

அவள் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டாக்டரம்மா" என்றாள்.